குறைமாதத்தில் பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது

மூன்றாம் வகுப்பில் கணக்கு வராமல் தடுமாறும் பிள்ளையை என்னிடம் அனுப்பினால், கணக்கு நோட்டைப் பார்ப்பதற்கு முன்னால் நான் கேட்பது பிரசவ ஃபைலைத்தான். திண்டுக்கல் பக்கம் ஒரு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியராக இருக்கிறேன். "எத்தனாவது வாரத்தில் பிறந்தான்?" என்று கேட்டால், பல அம்மாக்கள், "அது அப்போ டீச்சர், இப்பத்தான் நல்லா ஆயிட்டானே" என்பார்கள். நல்லாத்தான் ஆகியிருக்கிறான். ஓடுகிறான், வாய் ஓயாமல் பேசுகிறான், கதை சொன்னால் திருப்பிச் சொல்கிறான். ஆனாலும் அந்த வார எண்ணிக்கைக்கும் இந்தக் கணக்கு நோட்டுக்கும் தொடர்பு இருக்கலாம். அது தெரிந்துவிட்டால், பிள்ளைக்கு நாம் செய்கிற உதவியே வேறு மாதிரி ஆகிவிடும்.

ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் இரண்டு வயது வரைதான் விடாமல் பார்க்கிறார்கள். அதற்குள் நடந்து, நாலு வார்த்தை பேசிவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடும். அப்புறம் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. பள்ளிக்கூடமோ 7, 8 வயதில்தான் "இவனுக்கு என்னவோ சரியில்லை" என்று கவனிக்கத் தொடங்குகிறது. நடுவில் உள்ள ஐந்தாறு வருடத்தில் பிள்ளையைத் தொடர்ந்து பார்க்க பெற்றோரைத் தவிர ஆள் இல்லை. அந்த வருடங்களில் என்னென்ன பார்க்க வேண்டும், எங்கே கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மூளையில் என்ன நடக்கிறது

37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் குறைப்பிரசவம். 2020-ல் இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தார்கள்; உலகில் வேறெந்த நாட்டையும்விட இது அதிகம். அரசு ஆஸ்பத்திரிகளின் பச்சிளம் குழந்தை சிகிச்சைப் பிரிவுகளால் இன்று ஒரு கிலோ எடையில் பிறந்த பிள்ளைகூடப் பிழைத்து வீட்டுக்கு வருகிறது. அதனால்தான் பள்ளிக்கூடத்தில் இந்தப் பிள்ளைகளை நாங்கள் அதிகம் பார்க்கிறோம்.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதம் எடை போடுவதற்கான காலம் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். மூளைக்கு அதுதான் மும்முரமான காலம். 28 வாரத்தில் மூளையின் மேற்பரப்பு கிட்டத்தட்ட மடிப்பில்லாமல் வழுவழுவென்று இருக்கும். நாம் படத்தில் பார்க்கும் மடிப்புகளில் பெரும்பகுதி அதற்குப் பிறகு உருவாவதுதான். 34 வாரத்தில்கூட மூளையின் எடை, முழுமாதத்தில் இருக்க வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்குதான். இன்னொரு விஷயமும் உண்டு. மின்கம்பிக்கு மேல் உறை இருப்பதுபோல நரம்பு இழைகளுக்கு மேல் மயலின் என்ற உறை உண்டு. செய்தி வேகமாகப் போக அது வேண்டும். அந்த உறையைப் பின்னாளில் போடப்போகிற இளம் செல்கள் சுமார் 23 முதல் 32 வாரம் வரை மிகவும் மென்மையானவை. ஆக்சிஜன் குறைந்தாலோ, தொற்று வந்தாலோ, ரத்த ஓட்டம் ஏறி இறங்கினாலோ முதலில் அடிபடுவது அவைதான். அதனால் பல பிள்ளைகளுக்கு அறிவில் குறை இருக்காது. மூளையின் பல பகுதிகள் சேர்ந்து ஒரே நேரத்தில் செய்ய வேண்டிய வேலையில்தான் வேகம் குறையும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "ஏழு மாசப் பிள்ளை தங்கும், எட்டு மாசப் பிள்ளை தங்காது" என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அது உண்மை இல்லை. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் மூளைக்கு நல்லதுதான். ஸ்காட்லாந்தில் 4 லட்சத்துக்கும் அதிகமான பள்ளிப் பிள்ளைகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2010-ல் வெளியானது. பிறந்த வாரம் குறையக் குறைய, பள்ளியில் சிறப்பு உதவி தேவைப்படும் வாய்ப்பு படிப்படியாகக் கூடுவதை அது காட்டியது. ஆகவே 35 வாரத்தில் பிறந்த பிள்ளையை "கொஞ்சம்தானே முந்திப் பிறந்தது" என்று கணக்கில் எடுக்காமல் விடாதீர்கள். ஆபத்து மிகக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று கேட்டு வாங்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கும்போது அங்கேயே உட்கார்ந்து படியுங்கள், புரியாததை நர்ஸிடம் கேளுங்கள். எத்தனை வாரம் எத்தனை நாளில் பிறந்தது, எடை எவ்வளவு, தலைச்சுற்றளவு எவ்வளவு, ஆக்சிஜன் அல்லது வென்டிலேட்டர் எத்தனை நாள், வலிப்பு வந்ததா, சர்க்கரை இறங்கியதா, மஞ்சள் காமாலை எவ்வளவு ஏறியது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

உச்சிக்குழி வழியாகத் தலை ஸ்கேன் எடுத்திருப்பார்கள். அதில் ரத்தக்கசிவு என்று இருந்தால் எத்தனாவது நிலை என்று கேளுங்கள். நான்கு நிலைகள் உண்டு. பெரும்பாலும் பிறந்த முதல் மூன்று நாளில் ஏற்படுவது இது. முதல் இரண்டு நிலை என்றால் பல பிள்ளைகள் நன்றாகவே வருகிறார்கள். மூன்று, நான்கு என்றால், அல்லது மூளையின் வெள்ளைப் பகுதியில் (நரம்பு இழைகள் ஓடும் இடம்) நீர்க்கட்டி என்று எழுதியிருந்தால், நரம்பியல் கண்காணிப்பை ஒரு தடவைகூடத் தவறவிடக் கூடாது. அதே சமயம், "ஸ்கேன் நார்மல்" என்பதை வாழ்நாள் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஸ்கேனில் பெரிய காயம்தான் தெரியும். கற்றல் சிரமத்துக்குக் காரணமாகும் நுண்ணிய மாற்றங்கள் அதில் தெரியாது.

கண் பரிசோதனைக்குத் தேதி தள்ளாதீர்கள். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால், பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். 28 வாரத்துக்கும் முன் என்றால் இரண்டு மூன்று வாரத்துக்குள்ளேயே. விழித்திரை நோய் முற்றினால் பார்வையே போய்விடும். நேரத்தில் பிடித்தால் லேசர் சிகிச்சையில் காப்பாற்றலாம். காதுக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நாளுக்கு மேல் இருந்த குழந்தை என்றால் பேரா என்கிற பரிசோதனையைக் கேளுங்கள். அது காது நரம்பு வரை பார்க்கும். டாக்டர் எழுதித்தரும் இரும்புச்சத்துச் சொட்டு மருந்தையும் நிறுத்தாமல் கொடுங்கள். வயிற்றில் கடைசி மாதங்களில் சேர்க்க வேண்டிய இரும்புச்சத்து இந்தக் குழந்தைகளிடம் இருக்காது. மூளை வளர இரும்பு வேண்டும்.

பிறகு கங்காரு பராமரிப்பு. உடையில்லாமல் டயப்பரோடு மட்டும் குழந்தையை அம்மாவின் மார்போடு ஒட்டி வைப்பது. எடை கூட்டத்தான் என்று நினைத்து எடை ஏறியதும் நிறுத்திவிடுகிறார்கள். கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் இப்படி வளர்க்கப்பட்ட பிள்ளைகளை 20 வருடம் கழித்துத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் முரட்டுத்தனமும் குறைவு, பள்ளிக்கு மட்டம் போடுவதும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இதைச் செய்யச் சொல்கிறது. அம்மா ஒருத்தியால் அவ்வளவு நேரம் முடியாது. அப்பாவும் அப்பத்தாவும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். வீட்டில் சாம்பிராணிப் புகை மட்டும் வேண்டாம். குறைமாத நுரையீரல் அதைத் தாங்காது.

வயதைத் திருத்திக் கணக்கிடுங்கள்

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். பிரசவத் தேதி செப்டம்பர் 10 என்று கொடுத்திருந்தார்கள். குழந்தை ஜூலை 2-ல் பிறந்துவிட்டது. 70 நாள், அதாவது சரியாக 10 வாரம் முந்தி. 30 வாரக் குழந்தை. அடுத்த ஜனவரி 2-ல் பிறந்த கணக்குக்கு 6 மாதம். ஆனால் வளர்ச்சியைப் பார்க்க 10 வாரத்தைக் கழிக்க வேண்டும். திருத்திய வயது நாலு மாதத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஆகவே அந்தத் தேதியில் குழந்தை உட்காரவில்லையே என்று பதற வேண்டாம். கழுத்து நிற்கிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா என்று பாருங்கள். இந்தத் திருத்தத்தை 2 வயது வரை வைத்துக்கொள்ளலாம். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது. அது பிறந்த தேதிப்படி.

திருத்திய வயதிலும் பின்தங்கினால் காத்திருக்க வேண்டாம். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் டி.இ.ஐ.சி. என்றால் வழி காட்டுவார்கள். 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வருவது, கட்டணம் கிடையாது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொன்னாலும் அங்கே அனுப்பி வைப்பார்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று வீட்டில் யார் சொன்னாலும், முழுமாதப் பிள்ளைக்குச் சொல்லும் அந்தச் சமாதானம் இங்கே பொருந்தாது.

நடை பழகும் காலத்தில் கவனிக்க வேண்டியது குதிகால். குதிகால் தரையில் படாமல் எப்போதும் நுனிக்காலில் நடக்கிறதா? துணி மாற்றும்போது இரண்டு காலும் கத்தரிபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறி விறைக்கிறதா? உடனே பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். குழந்தையை நடுவில் உட்கார வைத்துச் சுற்றிவிடும் வாக்கரை வாங்காதீர்கள், அது நுனிக்கால் பழக்கத்தை வளர்க்கும். தானாக எழுந்து நிற்கத் தொடங்கிய குழந்தைக்கு, நின்று தள்ளிக்கொண்டு போகும் நம்முடைய மர நடைவண்டி எவ்வளவோ மேல்.

எல்.கே.ஜி. அவசரம்

மேலே சொன்ன ஜூலை 2 குழந்தைக்கே வருகிறேன். ஜூலை 31-ல் மூன்று வயது நிறைய வேண்டும் என்று பார்க்கும் பள்ளியில், இந்தப் பிள்ளை அந்த வருடமே சேர்ந்துவிடலாம். உரிய தேதியான செப்டம்பரில் பிறந்திருந்தால் அடுத்த வருடம்தான் சேர்ந்திருக்கும். ஆக, 10 வாரம் முந்திப் பிறந்ததற்காக, ஒரு முழு வருடம் முந்தி வகுப்பில் உட்காருகிறது. வகுப்பிலேயே சின்னப் பிள்ளை, அதிலும் குறைமாதம். இடம் கிடைத்துவிட்டதே என்று சேர்த்துவிடுகிறார்கள். என் அபிப்பிராயம், முடிந்தால் ஒரு வருடம் அங்கன்வாடியிலேயே இருக்கட்டும். ஆனால் அந்த வருடத்தைச் சும்மா விடக் கூடாது. களிமண் உருட்டுவது, பொத்தான் போடுவது, கத்தரிக்கோல், பல்லாங்குழி எல்லாம் அப்போது பழக்குங்கள். பல்லாங்குழியில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு புளியங்கொட்டை போட்டுக்கொண்டே போகும்போது விரல், கண், எண்ணிக்கை மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. குறைமாதப் பிள்ளைகளுக்குச் சிரமமாக இருப்பதே இந்தச் சேர்க்கைதான்.

கணக்கு நோட்டில் என்ன பார்ப்பது

குறைமாதப் பிள்ளைகளுக்கு வாசிப்பைவிடக் கணக்கில் அடி அதிகம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1995-ல், 26 வாரம்கூட நிறையாமல் பிறந்த குழந்தைகளை எபிக்யூர் என்ற ஆய்வில் தொடர்ந்து பார்த்தார்கள். 11 வயதில் அவர்களில் 30 சதவீதத்தினருக்கு வாசிப்பில் சிரமம். கணக்கில் 44 சதவீதம். கூடப் படித்த முழுமாதப் பிள்ளைகளில் ஓரிரு சதவீதம்தான். இது மிக மிகச் சீக்கிரம் பிறந்தவர்களின் கணக்கு. உங்கள் 32 வாரப் பிள்ளைக்கு இதே அளவு என்று எண்ண வேண்டாம். ஆனால் வாசிப்பைவிடக் கணக்கு கஷ்டம் என்ற போக்கை நான் இங்கேயும் பார்க்கிறேன்.

ஒரு பையன். 30 வாரத்தில் பிறந்தவன், மூன்றாம் வகுப்பு. தமிழ்ப் பாடம் தடையில்லாமல் வாசிப்பான். பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிக்கும் எண்ணும் எழுத்தும் வகுப்பில் தமிழுக்கு மேல்நிலையான மலர் குழு, கணக்குக்கு மட்டும் கீழ்நிலையான அரும்பு. அவன் நோட்டில் 52-இலிருந்து 27 கழிக்க வேண்டும். 52 எழுதியிருக்கிறான். கீழே 27-இல் உள்ள 2, 5-க்கு நேராக இல்லை. இடப்பக்கம் நகர்ந்து நிற்கிறது. 7, 5-க்கும் 2-க்கும் நடுவில். பக்கத்தில் கடன் வாங்கிய 1-ஐ எங்கேயோ எழுதி, அழித்து, மறுபடி எழுதி, தாள் கிழிந்திருக்கிறது. விடை 35. வாயால் கேட்டேன்: "52 ரூபா வச்சிருக்க, 27 ரூபாய்க்கு மிட்டாய் வாங்கினா மீதி எவ்வளவு?" விரலை மடக்கி யோசித்து, "25" என்றான். அவனுக்குக் கணக்குத் தெரியும். தாளில் இடம் பிடிப்பதும், கடன் வாங்கியதை மனதில் வைத்துக்கொண்டே அடுத்ததைச் செய்வதும்தான் அவனால் முடியவில்லை.

2015-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வும் இதையே சொன்னது. 32 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைகளின் கணக்குச் சிரமத்துக்குக் காரணம், எண் என்றால் என்ன என்ற அடிப்படை உணர்வில் உள்ள குறை அல்ல. ஒரு தகவலைச் சிறிது நேரம் மனதில் தாங்குவதும், கண்ணால் பார்த்ததை இடம்பிரித்து ஒழுங்குபடுத்துவதும் கடினமாக இருப்பதுதான். ஆகவே வாய்ப்பாட்டை நூறு தடவை எழுதச் சொல்வதில் பயனில்லை. மனதில் ஏறும் சுமையைத் தாளில் இறக்கி வைக்க வேண்டும்.

எப்படி? கட்டம் போட்ட நோட்டு வாங்குங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு எண். பத்தாம் இடத்துக்கு மேலே நீலக் கோடு, ஒன்றாம் இடத்துக்கு மேலே சிவப்புக் கோடு. கடன் வாங்கும் எண்ணுக்கென்று மேல் வரிசையில் தனியாக ஒரு கட்டம் ஒதுக்குங்கள். வாய்ப்பாட்டு அட்டையை மேஜையிலேயே ஒட்டிவிடுங்கள். அதைப் பார்த்துச் செய்வது காப்பி இல்லை. ஒரு பக்கத்தில் நாலு கணக்குக்கு மேல் வேண்டாம். புத்தகத்தில் பக்கம் நெருக்கமாக இருந்தால், ஒரு அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு ஜன்னல் வெட்டி, அதை நகர்த்திக்கொண்டே வாசிக்கச் சொல்லுங்கள். கண் டாக்டர் பார்வை சரியாக இருக்கிறது என்று சொன்ன பிள்ளைக்குக்கூட, கூட்டமான பக்கத்தில் தேவையானதைப் பிரித்தெடுக்க மூளைக்குக் கஷ்டமாக இருக்கலாம். கடைத்தெருவிலோ திருவிழாவிலோ பக்கத்தில் நிற்கும் அம்மாவையே தேடுகிற பிள்ளை என்றால், அதைக் கண் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

பரீட்சையில் கூடுதல் நேரம் கேளுங்கள். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு விடை தெரியும்; மணி அடிக்கும்போது பாதித் தாள் காலியாக இருக்கும்.

சேட்டை இல்லாத கவனக்குறைவு

கவனக்குறைவு என்றாலே ஓடி ஆடி மேஜைமேல் ஏறும் பிள்ளைதான் நினைவுக்கு வரும். குறைமாதப் பிள்ளைகளிடம் பெரும்பாலும் அப்படி இல்லை. அமைதியாக உட்கார்ந்திருக்கும், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். யாருக்கும் தொந்தரவு இல்லாததால் ஆசிரியர் கண்ணிலும் படாது. பயந்த சுபாவமும், மற்ற பிள்ளைகளோடு சேர்வதில் தயக்கமும் கூடவே இருக்கும்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். "பையை வச்சிட்டு, கை கழுவிட்டு, கணக்கு நோட்டை எடுத்துட்டு வா" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். பையை வைத்துவிட்டு நடு வீட்டில் நிற்கிறானா? பல வீடுகளில் அந்த இடத்தில்தான் அடி விழுகிறது, "சொன்ன பேச்சைக் கேக்கறதில்லை" என்று. அவன் கேட்டான், இரண்டாவது வேலை மனதில் தங்கவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், முடித்ததும் அடுத்ததைச் சொல்லுங்கள். சோம்பேறி என்ற வார்த்தையை அவன் காதுபட யாரும் சொல்லக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகவே இருங்கள். 8 வயதுப் பிள்ளை அதை நம்பிவிடும்.

சான்றிதழ்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' (வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவற்றில் மட்டும் வரும் சிரமம்) என்பதும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. 2018-ல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்படி, 8 வயதுக்கு மேல்தான் இதற்குச் சான்று. முதலில் அறிவுத்திறன் சோதனை, பிறகு பெங்களூரின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுதி. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு இது வேண்டும். ஆனால் வகுப்பில் உதவி பெற எந்தச் சான்றும் வேண்டாம். ஒன்றாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் சொல்லி வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அழைக்கலாம். ஆழமாகப் பரிசோதிக்க வேண்டும் என்றால் வேலூர் சி.எம்.சி.யின் குழந்தை வளர்ச்சிப் பிரிவு இருக்கிறது. பல குறைபாடுகள் சேர்ந்திருந்தால் சென்னை முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனமான நிப்மெட் இருக்கிறது.

வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம்

குறைமாதம் என்பதைப் பள்ளியில் சொன்னால் பிள்ளையை மட்டமாக நினைத்துவிடுவார்களோ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் ஆசிரியருக்குத் தெரியாவிட்டால் அவர் காரணத்தை வேறெங்காவது தேடுவார், பெரும்பாலும் பிள்ளையின் குணத்தில். சுருக்கமாக எழுதிக் கொடுங்கள். இப்படி இருக்கலாம்:

"வணக்கம். என் மகன் 30 வாரத்தில் பிறந்தவன். கண், காது பரிசோதனை முடிந்திருக்கிறது, சிக்கல் இல்லை. சொல்லிக்கொடுப்பது நன்றாகப் புரிகிறது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வேலை சொன்னால் தவறவிடுகிறான். கரும்பலகையைப் பார்த்து எழுத நேரம் ஆகிறது. முன் வரிசையில் உட்கார வைத்து, கட்டம் போட்ட நோட்டில் கணக்குச் செய்ய அனுமதிக்க வேண்டுகிறேன். அவனுக்குப் பாட்டும் கதையும் மிகவும் பிடிக்கும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஆசிரியர் பிள்ளையோடு பேச்சைத் தொடங்க அது உதவும். ஜூன் மாதத்தில், முதல் வாரக் கூட்டம் குறைந்தபின், நேரில் போய்க் கொடுங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் போய், எது உதவியது என்று கேளுங்கள். அடுத்த வருடம் ஆசிரியர் மாறும்போது பழைய கடிதத்தையே நகல் எடுத்துக் கொடுக்காமல் புதிதாக எழுதுங்கள். போன வருடம் தேவைப்பட்ட உதவியில் பாதி இந்த வருடம் தேவைப்படாமல் போயிருக்கலாம்.